கடனும் வழக்கும்: உத்தியோகத்திற்கு முந்திய விசாரணை

 

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த நம் பிள்ளைகள் காவல்துறைக்கும் வங்கிகளுக்கும் தேர்வெழுதுகின்றனர். தேர்வில் வென்ற பின்னரும் ஒரு வாசல் எஞ்சியுள்ளது. அதுவே போலீஸ் விசாரணை.

"வழக்கு இருந்தால் வேலை போயிற்று" என்று ஊரில் சொல்வது முழு உண்மையன்று. 2016 ஜூலையில் அவ்தார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அளித்த தீர்ப்பே இதற்கு அளவுகோல். படிவம் கேட்பதற்கு மெய்யே எழுதவேண்டும். இளவயதில் கோஷமிட்டது போன்ற அற்பக் குற்றத்தை மறைத்திருந்தால் அதிகாரி பொறுத்துக்கொள்ளலாம். உண்மையாக எழுதப்பட்ட சிறு வழக்கு நிலுவையில் இருந்தால், அதன் முடிவுக்கு உட்பட்டு நியமிக்கலாம். பல வழக்குகள் நிலுவையில் இருப்பதை மறைத்தாலோ, அந்த மறைப்பே நியமனத்தை ரத்து செய்யப் போதும். மெய் எழுதினால் வேலை நிச்சயம் என்றும் எண்ணவேண்டாம். வழக்கின் தன்மையை ஆராயும் உரிமை அரசுக்கு உண்டு.

நம்மவர் பெரிதும் இடறுவது வேறோர் இடத்தில். வாய்க்கால் தகராறிலோ தெருச்சண்டையிலோ பெரியவர்கள் கூடிப் பேசி, ஸலாம் சொல்ல வைத்து, முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கை அதனால் அழிவதில்லை. நீதிமன்றத்தில் சமாதானத்தைப் பதிவு செய்து வழக்கை முடித்து, ஆணையின் நகலைப் பெற்று வைத்தல் வேண்டும். வளைகுடா செல்வோரும் கவனிக்க: நீதிமன்றத்தில் குற்றவழக்கு நிலுவையில் இருந்தால், 1967 ஆம் ஆண்டுச் சட்டப்படி பாஸ்போர்ட் மறுக்கப்படலாம், நீதிமன்ற அனுமதி பெற்றால் வழியுண்டு.

இனி கடன். அரசு ஊழியர் ஓயாக் கடனாளியாகாமல் தம் காரியங்களை நடத்தவேண்டும் என்பது 1964 ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்தை விதிகளில் 17 ஆவது விதி. வங்கியிலோ வேலையில் சேருமுன்பே கேள்வி எழும். கடன் தவணை தவறிய பதிவு இருந்ததால் ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. கடன்களை அடைத்துவிட்டேன் என்று அவர் வாதிட்டும், 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் வங்கியின் முடிவே சரியென்றது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்பவருக்குப் பண ஒழுங்கு வேண்டும் என்பது அதன் கருத்து. அடைத்த பின்னும் தவறிய தடம் நிற்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். (வட்டியின் மார்க்கச் சட்டம் தாங்கள் அறிந்ததே, அதை இங்கு விரிக்கவில்லை.)

கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பின்னரே தொழவைத்தார்கள். ஜாமீன் என்பதன் கனம் அது. நண்பனின் மோட்டார் சைக்கிள் கடனுக்கு டீக்கடையில் நின்றபடி கையெழுத்திடும் வாலிபரே, அவன் தவணை தவறினால் சிபில் போன்ற நிறுவனங்களின் ஏட்டில் உம் பெயரும் ஏறும்!

ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். பிழையிருந்தால் முறையிடுங்கள்; 30 நாட்களில் தீர்க்கப்படாவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. படிவம் நிரப்புவதில் ஐயமுள்ளவர்கள் வழக்கின் காகிதங்களோடு ஒரு வழக்கறிஞரிடம் முதலில் சென்று, அதன் பின்னரே கையெழுத்திடுங்கள்.