கொறங்காட்டுக்காரர்களுக்குக் கைதட்டுங்கள்



காடு என்றால் யானை இருக்க வேண்டும், புலி இருக்க வேண்டும், வாசலில் வனத்துறைக்காரர் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காங்கேயத்திலிருந்து தாராபுரம் ரோட்டில் போய்ப் பாருங்கள். கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். அதுதான் கொறங்காடு, மாடு மேய்கிற காடு. சர்க்கார் காடா அது? பட்டா நிலமய்யா! நம்ம அப்பாரு பேரில், பாட்டன் பேரில் இருக்கிற பட்டா நிலம்! அதை விற்காமல் வைத்திருப்பவர்களுக்குக் கைதட்டுங்கள், அவர்களுக்குத் தட்டாமல் வேறு யாருக்குத் தட்டப் போகிறோம்?

அந்த வேலியைப் பாருங்கள். வெறும் குச்சியாக ஊன்றியதுதான். முள்ளோடு தழைத்துத் தலைமுறை தாண்டி நிற்கிறது. கம்பி வேலியில் எந்தக் குருவி கூடு கட்டும்? கிளுவையில் கட்டும். அடியில் கீரி நுழையும், உடும்பு நுழையும். புல்லுக்குள் கவுதாரி கத்தும். வேல மரத்துக் கிளையில் பனங்காடை உட்கார்ந்து வெட்டுக்கிளிக்குக் காத்திருக்கும்.

கோடையில் வேலங்காய் உதிரும். ஆடும் மாடும் தின்னும். விதை சாணியில் விழும், புழுக்கையில் விழும். அடுத்த மழைக்கு அதிலிருந்தே கன்று முளைக்கும். மரம் நட விழா எதற்கு? மேடை எதற்கு?

விழா என்றதும் ஞாபகம் வருகிறது. சிலர் இருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். புல்வெளியைக் கண்டால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. எந்த ஊர்க் கன்றையோ லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். நெருக்கி நெருக்கி நடுவார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். புல்லுக்கு வெயில் வேண்டும் ஐயா! நிழல் அடைத்தால் புல் சாகும். புல் செத்தால் கவுதாரி எங்கே போய் முட்டையிடும்? அதைக் கேட்டால் நாங்கள் பசுமைக்கு எதிரியாம்!

மூலனூர்ப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். சுற்றிலும் எல்லாரும் காட்டை விற்றுவிட்டார்கள். புரோக்கர் திண்ணையில் வந்து உட்கார்ந்து விலை சொல்கிறார். பெரியவர் மோர் கொடுக்கிறார். குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "என் மாட்டை எங்க கொண்டுபோய் மேய்க்கட்டும்?" அவ்வளவுதான். புரோக்கர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்தப் பெரியவர் வைத்திருப்பதற்கு அரசாங்கம் வைத்த பேர் என்ன? தரிசு! இந்திய அரசு தரிசு நில வரைபடம் என்று போடுகிறது. புதர்க்காடு அதில் ஒரு வகை, தரம் குறைந்த மேய்ச்சல் நிலம் இன்னொரு வகை. தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் என்ன, சோலார் தகடு விரிக்கலாம், சைட் பிரிக்கலாம்! எனக்கு வயிறு எரிகிறது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக் காளைக்காக மெரினாவில் திரண்டோம். அவசரச் சட்டமே வந்தது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் காளை என்ன தின்னும் என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்? வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது என்கிற கல்லுக்காட்டில், இந்தப் புல்லை மேய்ந்து திமில் வைத்தது காங்கேயம் மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் வளர்த்து நாடெங்கும் பேர் வாங்கிக் கொடுத்த மாடு. காட்டை விற்றுவிட்டு மாட்டைக் காப்பாற்றுவேன் என்றால் நடக்குமா?

சரணாலயத்துக்கு அரசு பணம் ஒதுக்குகிறது, ஒதுக்கட்டும். மூலனூர்ப் பெரியவரின் காட்டில் கவுதாரி இருக்கிறதே, அதற்கு ஒரு பைசா உண்டா? உழாமல், மருந்தடிக்காமல் புல்லை விட்டுவைத்திருக்கிறவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் கொடுங்கள். தரிசுக் கணக்கிலிருந்து கொறங்காட்டை எடுங்கள். மாவட்ட நிர்வாகத்திடம் இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன்.

திருப்பூர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பிகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாடு கட்ட நேரமில்லை என்றால் காட்டை மேய்ச்சலுக்குக் குத்தகை விடுங்கள், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. அப்பா ஊன்றிய கிளுவையைப் பிடுங்க மட்டும் ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள்.