ஊட்டிப் பூவும் கரிசல் மண்ணும்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"தோட்டப் பைத்தியம் நீ, ஏதாவது பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே, ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போய்வந்த கதையைச் சொல்கிறேன்.

உதகை அரசினர் தாவரவியல் பூங்கா 1848-இல் உருவானது. மெக்ஐவர் என்பவர் அதை அமைத்தார். மலர்க் கண்காட்சி 1896-இல் தொடங்கியது. நான் போனது 2024 மே மாதம் நடந்த 126-ஆவது காட்சிக்கு. மலையேற இ-பாஸ் வாங்க வேண்டும் என்று விதி வந்த முதல் வருஷம் அது. மாடத்தில் அடுக்கடுக்காகப் பூந்தொட்டிகள். நம்ம ஊர்த் தீபாவளி ராத்திரி பகலிலேயே வந்தது போல இருந்தது! மே மாதம் பூக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் முன்னதாகவே விதைத்து வளர்த்திருக்கிறார்கள்.

பார்த்ததோடு வந்திருக்கலாம். நீல நிறத்துக்கு ஆசைப்பட்டு இரண்டு ஹைட்ரேஞ்சியா செடிகளை வாங்கி விருதுநகருக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்த நீலமே நீலகிரியின் புளிப்பு மண் தரும் நிறம். நம் கரிசலோ சுண்ணாம்புச் சத்துள்ள கார மண். பிழைத்துப் பூத்திருந்தாலும் இளஞ்சிவப்பாகத்தான் பூத்திருக்கும். தவிர, அது குளிர்ச்சியில் வளர்கிற அகல இலைச் செடி. இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. காலையில் ஊற்றினால் மத்தியானம் துவண்டுவிடும். நானும் விடாமல் ஊற்றினேன்.

ஜூனில் எங்கள் தெருவில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. லாரி வந்த ஒரு நாள், பிடித்த குடத்தை அப்படியே செடிக்குக் கவிழ்த்தேன். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அம்மா, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர், கோபமில்லாமல்தான் சொன்னார்: "அது குடிக்கிற தண்ணி எங்க வீட்டுக்கு ஒரு நாளைக்குக் காணும் சார்."

எனக்குத் தலை நிமிரவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு செடியும் கருகின.

மழை குறைந்த, காய்ந்த ஊர் என்பதால்தானே தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின? நமக்குச் சோறு போட்ட அந்த வறட்சியோடு, தோட்டத்தில் மட்டும் நான் ஏன் சண்டை போட வேண்டும்?

ஆவணியில் கண்வலிக்கிழங்கு நட்டேன். செங்காந்தள் என்றால் எல்லோருக்கும் தெரியும், நம் மாநில மலர். கோடை முழுக்க மண்ணுக்குள் தூங்கி, மழைக்கு எழும் கிழங்கு அது. கரிசலில் தண்ணீர் தேங்கினால் அழுகும் என்பதால் மணல் கலந்து நட்டேன். தீபாவளி சமயத்தில் வேலியெல்லாம் பூ. மஞ்சளாக விரிந்து சிவப்பாக மாறுவதைப் பார்த்தால், சிவகாசிக்காரன் மத்தாப்பு என்றுதான் சொல்வான். ஒரு எச்சரிக்கை: செடி முழுக்க நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான் முதலில் வந்து பார்த்தார். "இது நல்லாருக்கு சார்" என்றார். ஊட்டியில் பரிசு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

நண்பர்களே, அடுத்த சந்திப்புக்கு ஆளுக்கொரு தொட்டி கொண்டுவாருங்கள். நித்தியகல்யாணி, ஆவாரை, பிரண்டை எதுவானாலும் சரி. ஒரே நிபந்தனை: அரிசி கழுவிய தண்ணீரிலும் பாத்திரம் அலசிய தண்ணீரிலும் வளர்ந்ததாக இருக்க வேண்டும். நம் கல்லூரி மரத்தடியில் கரிசல் மண்ணின் மலர்க் கண்காட்சியை நாமே நடத்துவோம்.