கருவி உணர்ந்தது, ஊர் உணர்ந்ததா?

(திருச்சிராப்பள்ளி, புத்தூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



புத்தூரின் ஊடே உய்யக்கொண்டான் ஓடுகின்றது. முதலாம் இராசராச சோழன் காலத்து வாய்க்கால் அது. அவன் பட்டப்பெயர்களுள் ஒன்றையே தன் பெயராகத் தாங்கி நிற்பது. கரைகாவலன் கரையின் ஈரத்தைக் காலால் உணர்வான்; கசிவின் ஓசையைச் செவியால் உணர்வான்; உணர்ந்தவுடன் ஊரைக் கூவி அழைப்பான். அவன் கூவிய மொழியும் ஊரார் கேட்ட மொழியும் ஒன்றே. உணர்தல், உணர்த்தல் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே காவல்.

இன்று அக்கரைகாவலனின் இடத்தில் உணரி என்னும் கருவி வந்து நிற்கின்றது. உயிர்களை அவற்றின் அறிவு கொண்டு ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக வகைப்படுத்தியவர் தொல்காப்பியர். அவ்வகைப்பாட்டைக் கொண்டே உணரிகளையும் விளங்கிக்கொள்ளலாம். இழுவிசையையும் வெப்பத்தையும் அறியும் உணரி தொடுவுணர்வுடையது. மண்ணின் உவர்ப்பை அறிவது சுவையுணர்வுடையது. நச்சுவளியை அறிவது மூக்குடையது. ஒளியிழை கண்ணுடையது. ஒலியலையை விடுத்து அதன் எதிரொலியைக் கேட்பது செவியுடையது. ஐந்தறிவும் கருவிக்கு வந்துவிட்டன. ஆறாவதாகிய மனம் மட்டும் மாந்தனுடையது. அம்மனம் தாய்மொழியில் விரைந்து இயங்குவது போல் பிறமொழியில் இயங்குவதில்லை.

முதலில் கட்டுமானங்களைக் காண்க. திருவரங்கத்திற்கு வடக்கே கொள்ளிடத்தின்மேல் 1928-இல் திறக்கப்பெற்ற இரும்புப் பாலம் இருந்தது. 2018 (தி.பி. 2049) ஆகசுட்டுப் பெருவெள்ளத்தில் அதன் தூண்கள் அடியரிப்புண்டு சாய்ந்தன, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் வீழ்ந்தது. புதிய பாலம் வந்து பழையதில் போக்குவரவு முன்னரே நிறுத்தப்பட்டிருந்தமையால் உயிர்கள் தப்பின. அதே திங்கள் 22-ஆம் நாள், முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் 45 மதகுகளுள் 9 அடித்துச் செல்லப்பட்டன. வரம்பின்றி மணல் அள்ளியதே கரணியம் என உழவர்கள் குற்றஞ்சாட்டினர்.

தூணைச் சுற்றிச் சுழலும் நீர் அடிமணலை அகழ்ந்து செல்லும். மேலே நிற்பவன் கண்ணுக்கு ஒன்றும் தோன்றாது. 1987 ஏப்பிரலில் அமெரிக்காவின் நியூயார்க்கு மாநிலத்தில் இசுகோகாரி ஓடைப் பாலம் இவ்வாறே வீழ்ந்து பத்துப்பேர் மாண்டனர். தூணில் பொருத்திய ஒலியலை உணரி ஆற்றுப் படுகையை நோக்கி ஒலியைச் செலுத்தும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் விரைவில் செல்லும். சென்று மீளும் நேரத்தைக் கொண்டு, படுகை எத்துணை ஆழத்திற் கிடக்கின்றது என்பதைக் கருவி கணக்கிடும். ஆழம் மிகுந்தால் மணல் போயிற்று என்பது பொருள். தூணின் தலையில் வைத்த சாய்வுமானி, கண்ணுக்குத் தெரியாச் சாய்வையும் காட்டிவிடும்.

2023 ஆகசுட்டு 5-ஆம் நாள் விடியற்குமுன் திருவரங்கம் கிழக்குக் கோபுரத்தின் முதல்நிலையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விரிசல் முன்னரே கண்டறியப்பட்டு முட்டுக்கட்டைகளும் நிறுத்தப்பட்டிருந்தன. ஆள்நடமாட்டமில்லாப் பொழுதாதலின் எவர்க்கும் ஊறில்லை. விரிசல் உளதா என்பது மட்டும் கேள்வியன்று; அது வளர்கின்றதா என்பதே கேள்வி. விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி, அது உடைகின்றதா எனப் பார்த்தல் கட்டடத் துறையின் பழைய முறை. திரிபுமானி அதனினும் நுண்ணியது. மெல்லிய மாழைத் தகட்டாலான அது நீளும்போது அதன் மின்தடை கூடும். அம்மாற்றத்தை அளந்து, கல் எவ்வளவு விரிந்தது என்று சொல்லிவிடலாம். 1938 முதல் உலகம் அறிந்த கருவி இது.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. பாம்பன் பழைய தொடர்வண்டிப் பாலம் 1914-இல் திறக்கப்பெற்றது. கலங்களுக்கு வழிவிடத் தூக்கப்பெறும் அதன் பகுதியைக் கண்காணிக்கச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் உணரிகளைப் பொருத்தினர். 2022 திசம்பரில் அவை எச்சரித்தன; பயணியர் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அதன்பின் பழைய பாலத்தில் பயணியர் வண்டி ஓடவேயில்லை. 2025 ஏப்பிரலில் புதிய பாலம் திறக்கப்பெற்றது. கருவி உணர்ந்தது, பொறுப்பிலிருந்தோர் செவிமடுத்தனர், உயிர்க்கேடு நேரவில்லை.

அடுத்து மண். மலைச்சரிவில் பெய்யும் மழை மண்ணின் துளைகளுள் புகுந்து, மணிகளை ஒன்றினின்று ஒன்று பிரித்துத் தள்ளும். அந்நீரழுத்தம் மிகும்போது மண் தன் பிடிப்பை இழந்து சரியும். துளையிட்டு ஆழத்தில் இறக்கிய அழுத்தமானி இதை முன்னரே அறியும். மூணாற்றின் அந்தோணியார் குடியிருப்பில் 2005-இல் நிலம் சரிந்து உயிர்களைக் கொண்டபின், அமிர்தா பல்கலைக்கழகத்தார் அங்கே மழைமானி, அழுத்தமானி, சாய்வுமானி ஆகியவற்றைக் கம்பியில்லாத் தொடர்பால் இணைத்து நிறுவினர். ஆனால் அதே மூணாற்றுப் பகுதியிலுள்ள பெட்டிமுடியில், 2020 ஆகசுட்டு 6-ஆம் நாள் இரவு, மலை சரிந்து எழுபதுபேரை விழுங்கியது. அவர்களுள் மிகப்பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியிலிருந்து சென்று தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த தமிழர். அவர்கள் உறங்கிய குடிவரிசையின்மேல் மலை வீழ்ந்த செய்தி வெளியுலகை எட்டியது மறுநாட் காலையில்தான்! ஒரு குன்றுக்குக் கருவி, மறுகுன்றுக்குக் கல்லறை. உழைப்பவன் உயிருக்கு விலை குறித்தவர் எவர் என்று தமிழுலகம் கேட்க வேண்டாவா?

மூன்றாவது, இடர்தரும் சரக்குகள். 1984 திசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் போபாலில் மீத்தைல் ஐசோசயனேட்டு என்னும் நச்சுவளி கசிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கருவிகள் இல்லாமல் இல்லை. குளிரூட்டும் ஏந்து பல திங்கள் முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. அழுத்தமானியின் முள் ஏறியது. பழுதுற்ற கருவிகளோடு பழகியோர் அதை நம்பவில்லை. கண்ணெரிச்சலைக் கொண்டே பணியாளர் கசிவை அறிந்தனர். இந்தி பேசும் தொழிலாளர் நிறைந்த ஆலையில் கையேடுகளும் அறிவிப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன. ஊருக்கான சங்கொலி சற்றே ஒலித்து நிறுத்தப்பட்டது. அதன் பொருளை ஊரார்க்கு எவரும் கற்பித்திருக்கவில்லை. 2020 மே 7-ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் இசுட்டைரீன் ஆவி பரவிப் பன்னிருவர் மாண்டபோது, கொள்கலத்தின் அடியில் மட்டுமே வெப்பம் அளக்கப்பட்டது என்று ஆய்வுக்குழு கண்டது. மேலடுக்கு கொதித்ததைக் கருவி அறியவில்லை. இடமறியாது வைத்த உணரி குருட்டுக் கண்ணே.

சென்னை–மதுரைப் பெருஞ்சாலை திருச்சிராப்பள்ளி வழியே செல்கின்றது. இரவும் பகலும் கன்னெய்யும் எரிவளியும் நச்சுப்பொருள்களும் சுமந்த ஊர்திகள் ஓடுகின்றன. 1989-ஆம் ஆண்டின் நடுவண் ஊர்தி நெறிகளில் 9-ஆம் நெறி, அத்தகைய ஊர்தியோட்டி அரசமைப்பின் எட்டாம் பட்டியல் மொழிகளுள் ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் என்கின்றது. ஓட்டுபவனுக்கு எம்மொழி வேண்டும் என்று எண்ணிய நடுவணரசு, ஊர்தி கவிழும் ஊரில் வாழ்வோர்க்கு எம்மொழி தெரியும் என்று எண்ணியதா? ஊர்தியில் எழுதிய எண்ணையேனும் தமிழர் அறிக: 1005 என்பது அம்மோனியா, 1075 சமையல் எரிவளி, 1203 கன்னெய். எரிவளி காற்றினும் எடைமிக்கது, பள்ளத்தில் தேங்கும். ஆதலின் தாழ்விடத்தை விட்டுக் காற்று வரும் திசை நோக்கி விலக வேண்டும், நெருப்பை மூட்டலாகாது. இஃது ஒரு பக்கத் தமிழில் அடங்கும் அறிவு. ஏதம் நேர்ந்தால் புண்பட்டோர் கொண்டுவரப்படும் இடங்களுள் இப் புத்தூர் அரசு மருத்துவமனையும் ஒன்று. அங்கே கண்ணீர் வடித்தபின் கற்பதைவிட இன்றே கற்பது எளிது.

தமிழில் இவற்றைச் சொல்லச் சொல் இல்லை என்போர் உளர். உணரி, சாய்வுமானி, திரிபுமானி, அழுத்தமானி, ஒளியிழை: இவ்வுரை முழுவதும் இச்சொற்களாலேயே நடந்தது, எவர்க்கும் பொருள் மயங்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. குறை மொழியிலன்று, மொழியை ஆள வேண்டியோர் உள்ளத்தில்.

ஆகவே வேண்டுவன மூன்று. பழம் பாலங்களிலும் கோபுரங்களிலும் தமிழர் வாழும் மலைக் குடியிருப்புகளிலும் உணரிகள் பொருத்தப்பெற வேண்டும். அவை காட்டும் அளவுகள் அலுவலகப் பேழைக்குள் அடையாமல், ஊராட்சியின் பலகையில் தமிழில் எழுதப்பெற வேண்டும். ஆலையின் சங்கும் ஊர்தியின் அட்டையும் தமிழ் பேச வேண்டும். அதன் பொருளைப் பள்ளிப் பிள்ளையும் அறிய வேண்டும்.

தமிழ் வேண்டும் என்னும் குரலை வெற்றுணர்ச்சி என்று எள்ளுவோர்க்குப் பெட்டிமுடியின் மண்ணும் போபாலின் காற்றும் விடை கூறும். தாய்மொழியில் வாரா எச்சரிக்கை, வாரா எச்சரிக்கையே. கருவி உணர்க! தமிழ் உணர்த்துக! தமிழர் உயிர் காக்க!