பத்தின் வலுக்களும் முதன்மை எண்களும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஒன்றிலும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை முதன்மை எண் என்கிறோம். பத்து, நூறு, ஆயிரம் என வளரும் பத்தின் வலுக்களுக்குச் சற்றுக் கீழே நிற்கும் முதன்மை எண்களைப் பற்றியே சில சொல்ல விழைகின்றேன்.

பத்துக்குக் கீழே 7. நூறுக்குக் கீழே 97. ஆயிரத்துக்குக் கீழே 997. மூன்றிடத்தும் குறைவு 3. இதற்குக் காரணமும் உண்டு. ஒன்று குறைத்தால் வருவன 9, 99, 999. அவை ஒன்பதால் வகுபடும். இரண்டு குறைத்தால் இரட்டை எண். ஆகவே மூன்று குறைப்பதே முதல் வாய்ப்பு.

அப்படியாயின் பத்தாயிரத்துக்குக் கீழே 9997 தானே என்பீர்கள். பொறுங்கள்! 13 ஐ 769 ஆற் பெருக்கினால் 9997 வரும். 27 குறைத்து 9973 வரை இறங்கினாலன்றி முதன்மை எண் அகப்படாது. இலட்சத்துக்குக் கீழே 99991; குறைவு 9. பத்து இலட்சத்துக்குக் கீழே 999983, குறைவு 17. நூறு கோடிக்குக் கீழே 999999937, குறைவு 63.

எண்கள் பெருகப் பெருக முதன்மை எண்கள் ஐதாகின்றன. பத்தாயிரத்தை அண்டி ஏறத்தாழ ஒன்பது எண்களுக்கு ஒன்று. நூறு கோடியை அண்டி இருபத்தொன்றுக்கு ஒன்று. இது சராசரிக் கணக்கே. அடுத்தது எங்கே நிற்கும் என்பதை அது சொல்லாது.

அங்ஙனமாயின், ஏதோ ஒரு வலுவுக்குக் கீழே நெடுந்தூரம் முதன்மை எண்ணே இல்லாது போகுமோ? ஒன்றிலும் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையில் ஒரு முதன்மை எண்ணேனும் உண்டு என்று 1845 இல் பேர்த்திரான் ஊகித்தார். செபிசேவ் அதனை நிறுவினார். 1919 இல் நம் இராமானுஜன் மிகச் சுருக்கமான நிறுவலொன்றை இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். ஆகவே 50 க்கும் 100 க்கும் இடையில், 500 க்கும் 1000 க்கும் இடையில், எத்தனை பூச்சியம் இட்டாலும், முதன்மை எண் உண்டு. இது உறுதி.

அதே இராமானுஜன் 1913 இல் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதியபோது, முதன்மை எண்களின் தொகையை மிக நுட்பமாகத் தரும் வாய்பாடு தம்மிடம் உண்டென நம்பியிருந்தார். அந்நம்பிக்கை பிழைத்தது. அத்தகைய மேதையின் உள்ளுணர்வையே ஏமாற்றிய எண்கள் இவை! கேம்பிரிட்ஜில் நிறுவலின் முறையைப் பயின்ற பின்னரே மேற்சொன்ன 1919 ஆம் ஆண்டுக் கட்டுரை பிறந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் பெரியோர். சோற்றுக்கு அது பொருந்தும். ஒரே உலையில் வெந்தது அன்றோ? முதன்மை எண்களுக்கோ மூன்று சோறும் போதவில்லை. தம்பிமாரே, தங்கைமாரே, சூத்திரத்தை மனனஞ் செய்து பரீட்சையிற் தேறலாம். அது ஏன் உண்மை என்று கேட்பவரே கணிதம் கற்றவராவர். கேளுங்கள், பெரியோர்களும் அக்கேள்விக்கு இடந்தருவார்களாக.