விடுபட்ட பெயர்



கோடை விடுமுறைக்குக் கோவா செல்லவிருந்த ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். ரயில், கடற்கரை விடுதி, படகுச் சவாரி என எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்திருந்தார்கள். பாட்டியின் பெயர் மட்டும் அதில் இல்லை. “அந்த வெயிலில் அம்மாவால் நடக்க முடியாது, சாமி” என்றார் மகன். பாட்டி மெல்லச் சொன்னார்: “எனக்குக் கடல் வேண்டாம் சாமி. சவேரியாரை ஒரு தடவை பார்த்தால் போதும்.”

1542இல் கோவாவில் வந்திறங்கிய புனித சவேரியார், அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறை மக்களைத் தேடி வந்தார். அவரது திருவுடல் இன்று பழைய கோவாவின் குழந்தை இயேசு பேராலயத்தில் உள்ளது. நம்மைத் தேடி வந்தவரை ஒருமுறை தேடிப்போக அந்தத் தாய் ஆசைப்பட்டார்.

ஓய்வு தவறல்ல. களைத்திருந்த சீடர்களை ஓய்வெடுக்க அழைத்தவரே இயேசுதான் (மாற்கு 6:31). ஆனால் அங்கேயும் தம்மைத் தேடி வந்த மக்கள்மீது அவர் பரிவு கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மகன் வந்தார். “படகுச் சவாரியை விட்டுவிட்டோம், சாமி. அம்மாவுக்கும் சீட்டு எடுத்தாயிற்று. வெயில் ஏறுமுன் கோவிலுக்குப் போய்விடுவோம்.”

அன்பர்களே, உங்கள் பயணத் தாளையும் இன்றிரவு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விடுபட்ட பெயர் யாருடையது? ஆமென்.