வாடகையை அரசு தரும், வீட்டை யார் தருவார்?

(திருவரங்குளத்தில் நடந்த இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அரசின் வீட்டுத் திட்டம் என்றால் நம் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கட்டிக் கொடுக்கிற வீடுதான். தொகுப்பு வீடு, சமத்துவபுரம், பிரதமர் வீடு, இப்போது கலைஞர் கனவு இல்லம். கனவு இல்லத்துக்கு மூன்றரை லட்ச ரூபாய் தருகிறார்கள். ஆனால் முதலில் கேட்பது பட்டாவை. புறம்போக்கில் குடியிருப்பவர் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது.

நிலமே இல்லாதவருக்கும், வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஊர் மாறுகிறவருக்கும் இன்னொரு வழியைச் சொல்கிறார்கள். அதுதான் வாடகை வவுச்சர். வாடகையில் ஒரு பகுதிக்கு அரசு ஒரு சீட்டுத் தரும். அதை வீட்டுக்காரரிடம் கொடுத்தால் அவர் அரசிடம் பணமாக மாற்றிக்கொள்வார். 2015இல் ஒன்றிய அரசு நகர்ப்புற வாடகை வீட்டுக் கொள்கைக்கு ஒரு வரைவை வெளியிட்டது. 2017இல், 2,700 கோடி ரூபாயில் நூறு நகரங்களில் வவுச்சர் தரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. சீட்டை விநியோகிப்பதும், எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதும் நகராட்சி, மாநகராட்சிகளின் பொறுப்பு என்றார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அந்த யோசனை செத்துவிடவும் இல்லை. 2024இல் தொடங்கிய நகர்ப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், தனியார் குடியிருப்பில் வீடு வாங்குவதற்கு வவுச்சர் உண்டு, வாடகை வீட்டுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. அதே 2024இல் புதுக்கோட்டை மாநகராட்சியானது. ஆகவே இது டெல்லிக்காரர்கள் கவலை என்று நாம் விட்டுவிட முடியாது.

சரி, வவுச்சர் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கிருந்து பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ போய் ‘டு-லெட்’ பலகையில் இருக்கிற எண்ணுக்குப் போன் செய்கிறீர்கள். முதல் கேள்வி வேலை என்ன என்பதாக இருக்கும். இரண்டாவது, எந்த ஊர் என்பது. மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது: “ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?” பதில் சொன்ன பிறகு, காலையில் காலியாக இருந்த வீட்டுக்கு மாலையில் சொந்தக்காரர்கள் குடிவந்துவிடுவார்கள். யாரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. “வெஜிடேரியனுக்கு மட்டும்” என்று எழுதிவைத்துவிட்டால் கேள்வி கேட்கிற வேலைகூட மிச்சம்.

இது வெறும் மனக்குறை இல்லை. சுகதேவ் தோரட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் டெல்லி வட்டாரத்தில் இதைச் சோதித்துப் பார்த்து, 2015இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதினார்கள். வீடு தேடுகிறவர்களைப் போனிலும் நேரிலும் அனுப்பினார்கள். பெயர் தலித் பெயராகவோ முஸ்லிம் பெயராகவோ இருந்தால் கதவு மூடியது, இல்லையென்றால் வாடகையும் நிபந்தனையும் ஏறின. கொடுக்கப் பணம் இருந்தும் இது நடந்தது. அப்படியென்றால் பணத்துக்குப் பதிலாகச் சீட்டைக் கொடுப்பதால் என்ன மாறும்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஐம்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. 1974இல் கொண்டுவந்த சட்டத்திலிருந்து வளர்ந்த திட்டம் அது. ‘செக்‌ஷன் எய்ட்’ என்பார்கள். குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தைக் குடியிருப்பவர் கட்டுவார், மீதி வாடகையை அரசு கட்டும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் வீட்டுவசதி அமைப்புகள் இதை நடத்துகின்றன. வவுச்சர் வைத்திருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கறுப்பின மக்கள். நிறத்தைச் சொல்லி வீடு மறுப்பது அங்கே 1968 முதல் சட்டவிரோதம். அதனால் நிறத்தைச் சொல்வதில்லை, “வவுச்சர் வாங்குவதில்லை” என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதை ஒன்றிய அளவில் எந்தச் சட்டமும் பொதுவாகத் தடுக்கவில்லை. 2018இல் அர்பன் இன்ஸ்டிட்யூட் செய்த சோதனையில், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் 78 சதவீத வீட்டுக்காரர்கள் வவுச்சரை மறுத்தார்கள். வாஷிங்டன் நகரில் 15 சதவீதம். வாஷிங்டனில் மறுப்பதற்கு எதிராக நகரத்தின் சொந்தச் சட்டம் இருக்கிறது. டெக்சாஸில் ஆஸ்டின் மாநகராட்சி 2014இல் அப்படி ஒரு சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம், எந்த நகரமும் இப்படிச் சட்டம் போடக் கூடாது என்று தடுத்துவிட்டது. வீட்டுக்காரர்களுக்கு எங்கேயும் அரசியல் பலம் இருக்கிறது.

நம்மிடம் அந்த 1968 சட்டம்கூட இல்லை. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டம், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது, முன்பணத்துக்கு வரம்பு வைக்கிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அந்தச் சட்டத்துக்கு நீங்கள் கண்ணில் படுவீர்கள், வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் அதன் கணக்கிலேயே வரமாட்டார். உச்ச நீதிமன்றமோ 2005இல், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் விதியைச் செல்லும் என்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். அதன் கீழ் வாதாடலாம். ஆனால் “வீடு போயிருச்சு தம்பி” என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

இங்கேதான் உள்ளாட்சி வருகிறது. இப்போது உள்ளாட்சி யாரைக் கண்காணிக்கிறது என்று பாருங்கள். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் அடித்தளம் போட்டால் போட்டோ, கூரை போட்டால் போட்டோ, ஆதார், வங்கிக் கணக்கு. இவ்வளவும் ஏழைமேல்தான். இருந்தும் இறந்தவர் பெயரில் வீடு ஒதுக்கிய முறைகேடு தமிழ்நாட்டில் வெளிவந்தது, அது வேறு கதை. சென்னையில் பழைய வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது, வெளியேறும் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் தருகிறார்கள். முன்பு 8,000. கட்டி முடிக்க இரண்டு வருடம் என்று வைத்தால் மாதம் ஆயிரம் ரூபாய். நம்மிடம் இருக்கிற வாடகை உதவி இதுதான். தணிக்கை பார்ப்பது பணம் போய்ச் சேர்ந்ததா என்பதை. எத்தனை வாசலில் திருப்பி அனுப்பினார்கள் என்பது தணிக்கையில் வராது.

வவுச்சர் வருமானால் அந்தப் பார்வையைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு சீட்டும் எந்தத் தெருவில் மாற்றப்பட்டது என்ற கணக்கு அலுவலகத்தில் எப்படியும் இருக்கும். தனிப்பட்டவர் பெயரை நீக்கிவிட்டு அதைத் தெருவாரியாக வெளியிடட்டும். எல்லாச் சீட்டும் ஒரே காலனியில் மாறியிருந்தால் அதுதான் சாட்சி. யாரும் வாக்குமூலம் கொடுக்க வேண்டியதில்லை. தோரட் செய்த சோதனையை மாநகராட்சியே ஆண்டுக்கு ஒருமுறை செய்யலாம்: ஒரே வேலை, ஒரே சம்பளம், இரண்டு பெயர். வவுச்சர் பட்டியலில் சேர்ந்த வீட்டுக்காரர் மறுத்தால் பட்டியலிலிருந்து நீக்கலாம். சொத்துவரிச் சலுகை கொடுத்துத்தான் அவர்களைப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்றால், அந்தச் சலுகையைத் திரும்ப வாங்கலாம்.

உள்ளாட்சி நம் பக்கம் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. இந்த மாவட்டத்தில் வேங்கைவயல் இருக்கிறது. தலித் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதைத் தடுக்கக் கூடாது என்று 2022இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நாற்காலிக்கே கடிதம் தேவைப்படுகிற இடத்தில், வீட்டுக்காரரை யார் கேள்வி கேட்பார்? போதாததற்கு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு நம் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். அதனால்தான் கண்காணிப்பை ஒரு தலைவரிடமோ ஓர் அலுவலரிடமோ விடக் கூடாது என்கிறேன். கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. நகரத்தில் 2022 விதிகளின்படி பகுதி சபை இருக்கிறது. தெருவாரிக் கணக்கு அங்கே வாசிக்கப்பட வேண்டும், அதை வாசிக்கும்போது சேரியிலிருந்து போனவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

வாடகை நகரத்து விஷயம், கிராம சபையில் எதற்கு என்று கேட்பார்கள். இந்த ஒன்றியத்து ஊர்களுக்கு மாற்றலாகி வருகிற தலித் ஆசிரியரும் செவிலியரும் எங்கே குடியிருக்கிறார்கள், ஏன் தினமும் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். அடுத்த கிராம சபை நடக்கும்போது ஒரு தீர்மானம் கொண்டுபோங்கள்: இந்த ஊராட்சியில் சாதி கேட்டு வாடகை வீடு மறுக்கப்பட்டால் அந்தப் புகாரைப் பதிவு செய்ய ஒரு பதிவேடு வைக்க வேண்டும், மறுப்பைத் தடுக்க மாநில அரசு வாடகைச் சட்டத்தைத் திருத்த வேண்டும். பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.