துண்டுக்கடியில் பேசிய விலை



நல்ல பொருள் வாங்க ஏற்ற இடம் சந்தையா, பேரங்காடியா என்பது கேள்வி. எனக்கு முன்னால் பேசிய தம்பி, "பேரங்காடியில் வேர்க்காது, பேரம் வேண்டாம், விலை ஒட்டியே இருக்கும்" என்றார். இருக்குதுங்க தம்பி. ஒட்டினது யாரு? விளைவிச்சவனையும் கேக்கல, வாங்குற உங்களையும் கேக்கல! (கைதட்டல்)

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. அங்கே செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை கூடும். கேரளத்து வியாபாரிகள் நிறைய வருவாங்க. நான் காலேஜில் சேர்ந்த வருஷம், எங்க அய்யன் கறவை மாடு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுப் போனார். நானும் கூடப் போனேன்.

அங்கே விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. ரெண்டு பேர் கையையும் துண்டால மூடி, உள்ளே விரலைப் பிடிப்பாங்க. பிடிக்கிற விரல்தான் விலை. தரகர் பிடிச்சார், அய்யன் கையை உருவிக்கிட்டார். மறுபடி பிடிச்சார், மறுபடி உருவல். மூணாவது தடவை ரொம்ப நேரம் கை உள்ளேயே இருந்துச்சு. துண்டு விலகினப்போ கயிறு கை மாறிருச்சு.

"ஏனுங்கய்யா, எத்தனைக்குக் குடுத்தீங்க?"ன்னேன்.

"உன்ற பீசுக்கு ஆகும் கண்ணு, வா"ன்னார்.

சுத்தி அத்தனை பேர் நின்னாங்க. அவர் எந்த விலைக்கு இறங்கினார்னு ஒருத்தருக்கும் தெரியாது. இல்லாதவன் மானத்தை அந்தச் சந்தை ஒரு துண்டு போட்டு மூடி வெச்சுதுங்க! (கைதட்டல்)

அங்கிருந்து பஸ் ஏறினா உக்கடம். அப்பல்லாம் அங்கே பழைய புத்தகக் கடைகள் இருந்துச்சு. கணக்குப் புத்தகம் பாதி விலைக்குக் கிடைச்சுது. யாரோ ஒரு புண்ணியவதி பென்சிலில் விடையெல்லாம் போட்டு வெச்சிருந்தா. பாதி தப்புன்னு பரீட்சைக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது! (சிரிப்பு)

அதே அய்யன் ஒரு மண்டிக்குத் தக்காளி கொண்டுபோய், கமிஷன் போக வண்டி வாடகைகூடத் தேறாம, ரோட்டோரம் கொட்டிட்டு வந்திருக்கார். அதனால்தான் 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது எங்களுக்குப் பெரிய சேதி. பின்னாலே கோவையில் ஆர்.எஸ்.புரத்துக்கும் வந்துச்சு. தராசு குடுத்தாங்க, கடைக்கு வாடகை இல்லை, அன்னைக்கு விலை பலகையில். நடுவுல தரகர் இல்லை.

எதிரணி சொன்னதில் ஒண்ணு நெசம். விடியறதுக்கு முன்னால மூட்டையோட வந்து உட்கார்ற பொம்பளைகளுக்கு எத்தனை சந்தையில் ஒழுங்கான கழிப்பறை இருக்குது? அதைக் கேளுங்க, நானும் கூட நின்னு கேக்கறேன். அதுக்காகச் சந்தையே வேண்டாம்னா எப்படிங்க?

ரெண்டு கிலோ கத்திரிக்காய் வாங்கினா ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு போடுவாங்களே, அது எந்தக் கம்ப்யூட்டர் பில்லில் வரும்?

நடுவர் மணி அடிச்சுட்டார். ஒரு நிமிஷம் கொசுறு கேட்டேன், தரமாட்டேங்கறார். இவர் பேரங்காடிக் கட்சி போலிருக்குதுங்க! (சிரிப்பு)